ஈறு நோயும் குடல் அழற்சி நோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈறு சிகிச்சைக்கு வருகிறவர்களில் சிலருக்கு கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய்களில் ஒன்று இருக்கும். அதைத் தானாகச் சொல்கிறவர்கள் குறைவு. மாத்திரைச் சீட்டைக் காட்டச் சொல்லும்போதுதான் தெரியவரும். வயிற்றுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். குடல் டாக்டரும் ஈறைப் பார்ப்பது அபூர்வம். ஈறு மருத்துவராக வேலை செய்துவரும் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, தெரிந்த அளவுக்குத் தெளிவாகப் பதில் சொல்லிவைக்கிறேன்.

குடல் அழற்சி நோய் என்றால் அல்சர்தானே?

இல்லை. நம் ஊரில் அல்சர் என்று சொல்வது பெரும்பாலும் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ வருகிற புண். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் வலி மாத்திரைகளும்தான் அதற்கு முக்கியமான காரணங்கள்.

குடல் அழற்சி நோய், அதாவது ஐபிடி, வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தி குடலிலேயே வாழும் பாக்டீரியாக்கள் மேல் அளவுக்கு மீறிப் பாய்ந்து, குடல் சுவரையும் சேர்த்துப் புண்ணாக்குகிற நீண்டகால நோய் இது. இதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. 1932-இல் நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் பர்ரில் கிரோனும் அவருடைய இரண்டு சக மருத்துவர்களும் விவரித்ததுதான் கிரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலோடு நின்றுவிடும். மலக்குடலில் தொடங்கி மேலே ஏறும். ரத்தமும் சளியும் கலந்த பேதி அதன் முக்கிய அடையாளம்.

இது வெள்ளைக்காரர்களுக்கு வருகிற நோய் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தோம். பஞ்சாபில் வீடு வீடாகப் போய் எடுத்து 2003-இல் வெளியிட்ட கணக்கில், லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது. அது சின்ன எண் இல்லை.

ஐபிஎஸ் என்று ஒன்று இருக்கிறது, அதையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் வயிற்று வலி, பேதி, மலச்சிக்கல் எல்லாம் இருக்கும். ஆனால் குடலில் இப்படிப் புண் விழாது.

எனக்கு ஈறு வலிக்கவே இல்லை. அப்புறம் எப்படி ஈறு நோய்?

வலிக்காததுதான் இதில் பெரிய தொல்லை. பல்லின் மேல் படியும் பிசுபிசுப்பான பாக்டீரியாப் படலத்தை பிளேக் என்கிறோம். அது இறுகினால் காரை. ஈறு மட்டும் சிவந்து, வீங்கி, துலக்கும்போது ரத்தம் வந்தால் அது ஜிஞ்சிவைட்டிஸ். சுத்தம் செய்தால் முழுசாகச் சரியாகிவிடும். அழற்சி கீழே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்க ஆரம்பித்தால் அது பெரியோடான்டைட்டிஸ். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. வயது வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இதன் முற்றிய நிலை இருக்கிறது என்பது உலக அளவிலான கணக்கு.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று எங்களிடம் உண்டு, அதன் பெயர் ப்ரோப். அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்குவோம். நல்ல ஈறில் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை போய் நின்றுவிடும், ரத்தம் வராது. நோய் இருந்தால் 5, 6 என்று இறங்கிக்கொண்டே போகும். வெளியே எடுத்ததும் ஈறு விளிம்பில் மெல்லிய கோடாக ரத்தம் கசியும். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் இப்படி அளக்க வேண்டும். உங்கள் வாயில் யாருமே இப்படி அளந்ததில்லை என்றால், ஈறு நன்றாக இருக்கிறது என்று இதுவரை யாரும் உறுதி செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

உண்டு. ஐபிடி உள்ளவர்களுக்கு ஈறு நோய் அதிகம் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், கிரோன் உள்ளவர்களில் சுமார் 82 சதவீதம் பேருக்கும், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கும் பெரியோடான்டைட்டிஸ் இருந்தது. இரண்டும் இல்லாதவர்களில் அது சுமார் 68 சதவீதம். லேசான ஈறு நோயையும் சேர்த்து எண்ணியதால் எல்லா எண்களும் பெரிதாகத் தெரிகின்றன. கவனிக்க வேண்டியது அவற்றுக்கு நடுவில் உள்ள இடைவெளியை. இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வந்த பகுப்பாய்வு ஒன்று, ஐபிடி உள்ளவர்களுக்குப் பெரியோடான்டைட்டிஸ் இருக்கும் சாத்தியத்தைச் சுமார் 3 மடங்கு என்று கணக்கிட்டது.

பல் சொத்தையும் இவர்களுக்கு அதிகமாகவே காணப்படுகிறது.

சரி, எதனால் எது வருகிறது? ஈறு நோயால் குடல் நோயா, குடல் நோயால் ஈறு நோயா?

இங்கேதான் பலர் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஈறில் ரத்தம் வந்தால் நாளைக்குக் குடல் போய்விடும் என்று பயமுறுத்தும் வீடியோக்களை நம்பாதீர்கள். கிடைத்திருக்கும் ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டவில்லை.

தைவானில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், ஈறு நோய் இருந்தவர்களுக்குப் பின்னாளில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. கிரோன் நோய்க்கு அப்படி எந்த ஏற்றமும் தெரியவில்லை. தென் கொரியாவின் தேசியப் பதிவுகளிலும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸோடுதான் தொடர்பு தெரிந்தது. புகைப்பழக்கமும் ஈறு நோயும் சேர்ந்திருந்தவர்களிடம் அது தூக்கலாக இருந்தது.

இதற்கு நேர் எதிரான கணக்கு ஸ்வீடனிலிருந்து வந்தது. 1973-74-இல் ஸ்டாக்ஹோம் பகுதியில் சுமார் 20,000 பேரின் வாயைப் பரிசோதித்து வைத்திருந்தார்கள். அவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, பல்லில் பிளேக் அதிகமாக இருந்தவர்களுக்குக் கிரோன் நோய் குறைவாக வந்திருந்தது. இதை வைத்துப் பல் துலக்காமல் இருந்தால் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவுக்கு மீறிய சுத்தமான சூழலில் வளர்வதும் ஐபிடிக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்ற பழைய கருத்தோடு இது ஒத்துப்போகிறது, அவ்வளவே.

என் கணிப்பைக் கேட்டால்: ஈறு நோய் தனியாக ஐபிடியை உண்டாக்குகிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. ஏற்கெனவே அழற்சியின் பக்கம் சாய்ந்திருக்கும் உடம்பில் இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன என்பதற்கு ஆதாரம் வலுத்துக்கொண்டே வருகிறது.

வாயில் இருக்கும் கிருமி குடல் வரை எப்படிப் போகும்? வயிற்று அமிலம் கொன்றுவிடாதா?

பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். ஆனால் நாம் ஒரு நாளைக்கு விழுங்கும் எச்சிலே சுமார் ஒரு லிட்டர், சிலருக்கு அதற்கும் மேல். அதோடு போகும் பாக்டீரியாக்களை ஆயிரம் கோடிக் கணக்கில் எண்ண வேண்டும். தப்பித்துப் போகிறவை எப்போதும் இருக்கும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் மாதிரியான மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களின் மலத்தில் வாய் பாக்டீரியாக்கள் அதிகமாகத் தென்படுகின்றன என்று 2016-இல் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். ஆனால் கடையில் தானாக வாங்கி வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தால், அது இன்னும் தேவையா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள்.

தப்பித்துப் போனாலும் நல்ல குடலில் இவற்றுக்கு இடம் கிடைக்காது. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் விடாது. அந்தக் குடியிருப்பு கலைந்தால்தான் சிக்கல்.

ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தில் கென்யா ஹோண்டாவின் குழு 2017-இல் வெளியிட்ட சோதனை இதை நன்றாகக் காட்டியது. கிரோன் நோயாளிகளின் எச்சிலை, உடம்பில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஒருவருடைய எச்சிலைக் குடித்த எலிகளின் குடலில் டிஎச்1 என்ற அழற்சி அணுக்கள் குவிந்தன. தேடிப்பார்த்ததில் காரணம் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. இன்னும் இரண்டு விஷயங்கள் அதில் முக்கியம். வழக்கமான குடல் பாக்டீரியாக்கள் இருந்த எலிகளில் இந்தக் கிளெப்சியெல்லாவால் குடியேற முடியவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு முடிந்தது. குடியேறிய பிறகும், மரபணுவிலேயே அழற்சிக்கு ஆளாகக்கூடிய எலிகளுக்குத்தான் கடுமையான குடல் அழற்சி வந்தது.

2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நொபுஹிகோ கமாடாவின் குழு ஈறையே நேராகச் சோதித்தது. எலியின் கடைவாய்ப் பல்லைச் சுற்றி நூல் கட்டி ஈறு நோயை வரவழைத்தார்கள். வாயில் கிளெப்சியெல்லாவும் என்டிரோபாக்டரும் பெருகின. அந்த எலிகளுக்குக் குடல் அழற்சியையும் உண்டாக்கியபோது, அது ஈறு நோய் இல்லாத எலிகளைவிட மோசமாக இருந்தது. இதில் எனக்கு வியப்பாக இருந்தது இரண்டாவது வழி. கிருமி விழுங்கப்பட்டுப் போவது ஒரு பக்கம். ஈறில் அந்தக் கிருமிகளை அடையாளம் கண்டு பழகிய டிஎச்17 என்ற எதிர்ப்பு அணுக்களும் ஈறிலிருந்து குடலுக்கு நகர்கின்றன. அங்கே அதே கிருமியைச் சந்தித்ததும் சண்டையைக் கிளப்பிவிடுகின்றன.

எலியில் நடந்ததெல்லாம் அப்படியே மனிதரில் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மனிதரிலும் தடயம் இருக்கிறது. வட அமெரிக்காவில், புதிதாகக் கிரோன் நோய் கண்டறியப்பட்டு இன்னும் மருந்து தொடங்காத 400-க்கும் மேற்பட்ட சிறுவர்களின் குடல் திசுவை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். ஃபியூசோபாக்டீரியம், வெய்லோனெல்லா போன்ற வாயில் சாதாரணமாக வாழும் குடும்பங்கள் அவர்கள் குடலில் பெருகியிருந்தன.

குடலிலிருந்து வாய்க்கு எப்படி?

பல வழிகளில். ஐபிடியில் ரத்தத்தில் சுற்றும் டிஎன்எஃப், இன்டர்லூகின் போன்ற அழற்சிப் பொருள்கள் ஈறிலும் எலும்பு கரைவதைத் தூண்டக்கூடியவை. குடல் அழற்சியை அளக்க மலத்தில் கால்புரோடெக்டின் என்ற டெஸ்ட் எடுப்பார்கள் இல்லையா, அதே புரதம் வீங்கிய ஈறின் இடுக்கில் ஊறும் நீரிலும் ஏறிக் கிடக்கும்.

அப்புறம் சத்துக் குறைவு. சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டால் வைட்டமின் பி12 உடம்பில் சேராது. ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் இரும்புச்சத்து குறையும். நாக்கு வழுவழுப்பாகி எரியும், வாயோரம் வெடிக்கும், ஈறு வெளுக்கும். நோய் கிளம்பியிருக்கும் வாரங்களில் கஞ்சி, ஜூஸ், குளுக்கோஸ் தண்ணீர் என்று நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருப்பார்கள். பல்லுக்கு இனிப்பிலிருந்து ஓய்வே கிடைக்காது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை கழிப்பறைக்குப் போய் வந்து களைத்துக் கிடக்கிறவருக்கு ராத்திரி எழுந்து பல் துலக்கத் தெம்பு இருக்காது. அவரைச் சோம்பேறி என்று வீட்டில் யாரும் சொல்லாதீர்கள்.

வாயில் புண் வந்தால் வயிற்றில் புண் என்று பாட்டி சொல்வார்களே?

எப்போதாவது வந்து பத்து நாளில் ஆறிப்போகிற சின்ன வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் கிடையாது. கன்னத்தைக் கடித்துக்கொண்டது, தூக்கமின்மை, மன அழுத்தம், சத்துக் குறைவு என்று காரணங்கள் வேறு. மணத்தக்காளிக் கீரை சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை.

ஆனால் ஐபிடியில் வாய்ப்புண் உண்மையிலேயே ஓர் அடையாளம். சிலருக்குக் குடல் அறிகுறிகள் தெரிவதற்கு முன்பே வாயில் தெரிந்துவிடும். மாறி மாறி வந்துகொண்டே இருக்கும் புண்கள், உதடு தடித்து வீங்கி வெடிப்பது, கன்னத்தின் உட்பக்கம் மேடும் பள்ளமுமாகக் கற்கள் பதித்தது போல் ஆவது, ஒரே இடத்தில் கோடு போட்ட மாதிரி ஆழமான புண், பளபளவென்று சிவந்து வீங்கிய ஈறு: இவை கிரோன் நோயில் வரக்கூடியவை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அபூர்வமாக ஈறிலும் உதட்டின் உள்ளேயும் மஞ்சள் நிறச் சீழ்ப் புள்ளிகள் வரிசையாக வரும். ஐபிடிக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையாலும் வாய் புண்ணாகலாம். சைக்ளோஸ்போரின் என்ற மருந்து ஈறைத் தடிக்க வைக்கலாம்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதுவாக இருந்தாலும், ஐபிடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். வெற்றிலை, புகையிலை, பான் மசாலா போடுகிறவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வாய்ப் புற்றுநோயும் ஆரம்பத்தில் வலிக்காது.

ஈறில் ரத்தம் வருகிறது. கொலோனோஸ்கோபி (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) செய்ய வேண்டுமா?

அதற்காக மட்டும் வேண்டாம். முதலில் பல் டாக்டர். ஈறில் ரத்தம் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குக் குடலில் ஒன்றும் இருக்காது.

நான்கு வாரத்துக்கு மேல் நீடிக்கும் பேதி, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, காரணமில்லாமல் எடை குறைவது, விட்டு விட்டுக் காய்ச்சல், ஆசனவாய் அருகே சீழ்க்கட்டி: இவற்றில் ஏதாவது இருந்தால் குடல் மருத்துவரைப் பாருங்கள். மூலம் என்று தானாக முடிவு செய்துகொண்டு களிம்பு தடவிக்கொண்டே மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள் பலர். இன்னொன்று: நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன் நோயும் அறிகுறியிலும் ஸ்கேனிலும், பல நேரம் பயாப்ஸி என்ற திசுப் பரிசோதனையிலும்கூட ஒன்று போலவே தெரியும். அதனால் சிலருக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். டாக்டர் குழப்புகிறார் என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். காசநோய் இருக்கும்போது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் ஆபத்து.

ஈறுக்குச் சிகிச்சை செய்தால் குடல் நோய் குறையுமா?

அப்படி உறுதி கொடுக்க என்னால் முடியாது. சர்க்கரை நோயில் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சர்க்கரை அளவைக் காட்டும் ரத்த டெஸ்ட்) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்கு இறங்குவதை ஆய்வுகளின் பெரிய தொகுப்பு ஒன்று 2022-இல் உறுதி செய்தது. ஐபிடியில் அந்த அளவுக்கு ஆய்வுகள் நடக்கவில்லை. "பல்லை க்ளீன் பண்ணினால் கொலைட்டிஸ் போய்விடும்" என்று யாராவது பேக்கேஜ் விற்றால் வாங்காதீர்கள். அதை நம்பி மெசலமைன், அசதியோப்ரின் போன்ற ஐபிடி மருந்துகளை நிறுத்தினால் நோய் திரும்பக் கிளம்பக்கூடும்.

ஈறுக்காகவே ஈறு சிகிச்சை அவசியம். பல் ஆடினால் மெல்ல முடியாது. மெல்ல முடியாதவர் குழைந்த சோற்றிலும் பிஸ்கட்டிலும் காலம் தள்ளுவார். ஏற்கெனவே எடையும் புரதமும் குறைந்திருக்கும் குடல் நோயாளிக்கு அது தாங்காது.

பல் டாக்டரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?

நோயின் பெயர், இப்போது அடங்கியிருக்கிறதா கிளம்பியிருக்கிறதா, சாப்பிடும் எல்லா மருந்தும். மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் பிடுங்கும் நாளன்றும் வழக்கமான டோஸைத் தவறவிடக் கூடாது. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு எலும்புத் தேய்மானத்துக்காக அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரையோ சோலெட்ரோனிக் அமில ஊசியோ கொடுத்திருக்கலாம். அதை மறக்காமல் சொல்லுங்கள். பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு, குறைவுதான் என்றாலும், உண்டு. அசதியோப்ரின், மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள் சமீபத்திய ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். வெள்ளை அணுவோ தட்டணுவோ குறைந்திருந்தால் பல் பிடுங்குவதைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் ஊசி போடுகிறவர்களுக்கு, அவசரமில்லாத வேலையை எந்த வாரத்தில் வைப்பது என்று இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்யட்டும். ஒரு போன் கால் போதும். அந்தப் போனைச் செய்யச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

பல் வலிக்கு மாத்திரை போடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

பல் வலிக்கு நம் ஊரில் கொடுப்பது பெரும்பாலும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், கீட்டோரோலாக். நான்கும் ஒரே குடும்பம். குடலின் உள்படலத்தைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினை இவை குறைக்கின்றன. சில ஐபிடி நோயாளிகளுக்கு அடங்கியிருந்த நோயைத் திரும்பக் கிளப்பிவிடுகின்றன. எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாததால், ஐபிடி உள்ளவர்கள் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

பாராசிட்டமால் போதும். பெரியவர்கள் டாக்டர் சொல்லும் அளவில் 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஈரல் கோளாறு இருந்தால் முன்பே சொல்லுங்கள். மருந்துக் கடையில் "பல்லு வலி" என்று மட்டும் சொன்னால், பாராசிட்டமாலோடு அசெக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ சேர்ந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அட்டையின் பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். பாராசிட்டமால் தவிர இன்னொரு பெயர் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

வலி தாங்கவில்லை என்றால் உடனே பல் டாக்டரைப் பாருங்கள். சீழை வடித்துவிட்டாலோ வேர் சிகிச்சையைத் தொடங்கிவிட்டாலோ வலி மாத்திரையின் தேவையே பாதியாகக் குறையும்.

ஆன்டிபயாடிக்?

தேவைப்பட்டால் மட்டும். முகம் வீங்கியிருந்தால், காய்ச்சல் இருந்தால், கழுத்தில் கட்டி வந்தால் கட்டாயம் வேண்டும். அப்போது குடலை நினைத்துத் தயங்கக் கூடாது. சாதாரண க்ளீனிங்குக்கும் வேர் சிகிச்சைக்கும் "எதற்கும் ஐந்து நாள் போடுங்கள்" என்று எழுதிக் கொடுப்பது ஐபிடி நோயாளிக்குக் கெடுதல். குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியின் தொற்று இவர்களுக்கு எளிதில் வரும், அதன் பேதி ஐபிடி கிளம்பியது போலவே இருக்கும். கிளின்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் இதில் பேர்போனது. ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு பேதி அதிகமானால், ஸ்டீராய்டைக் கூட்டுவதற்கு முன் மலத்தை டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

நோய் கிளம்பியிருக்கும்போது ஸ்கேலிங் (காரையை எடுப்பது) செய்யலாமா?

அவசரமில்லாததைத் தள்ளிப்போடுங்கள். அரை மணி நேரம் நாற்காலியில் படுத்திருப்பதே அப்போது பெரும்பாடு. சீழ், வீக்கம், தாங்க முடியாத வலி என்றால் காத்திருக்க வேண்டாம். நோய் அடங்கியதும் முதல் வேலையாக ஈறைச் சரிசெய்துவிடுங்கள், அப்புறம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுங்கள். குடல் அவஸ்தை உள்ளவர்கள் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிட்டால், கழிப்பறை பக்கத்தில் இருக்கும் அறையாக, நடுவில் எழுந்து போக வசதியாகப் பார்த்துக்கொள்வோம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே வராமல் இருந்துவிட்டவர்கள் உண்டு.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே?

ஆடாது. எலும்பு ஏற்கெனவே கரைந்து, பல்லைக் காரைதான் பிடித்துக்கொண்டிருந்தது. காரையை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது. வீக்கம் வற்றிய பிறகு பல ஆடும் பற்கள் கொஞ்சம் இறுகவும் செய்யும்.

வீட்டில் என்ன செய்யலாம்? நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு, உப்பு, வேப்பங்குச்சி?

மெல்லிய பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட், காலையிலும் இரவிலும் இரண்டிரண்டு நிமிடம். பல் இடுக்குக்குத் தனியாகச் சின்ன இன்டர்டென்டல் பிரஷ். ஈறு நோய் இடுக்கில்தான் ஆரம்பிக்கும், சாதாரண பிரஷ் அங்கே எட்டாது. ஈறு வீங்கியிருக்கும்போது முதல் வாரம் ரத்தம் வரும். பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

வெதுவெதுப்பான உப்பு நீர் வீக்கத்துக்கு இதம். நல்லெண்ணெய் கொப்பளிக்கிறவர்கள் கொப்பளிக்கலாம், துப்பிவிட வேண்டும். பிரஷ்ஷுக்குப் பதிலாக ஆகாது. செங்கல் பொடி, கரித்தூள், பல்லில் உப்பைத் தேய்ப்பது எல்லாம் பல்லையும் ஈறையும் அரித்துவிடும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் டாக்டர் சொன்னால் ஒன்று இரண்டு வாரம். அதற்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும்.

சிகரெட் பிடித்தால் கொலைட்டிஸ் அடங்கும் என்று கேள்விப்பட்டேன்.

புகைப்பவர்களுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் குறைவாக வருகிறது என்பது உண்மைதான்; விட்ட பிறகு சிலருக்கு நோய் கிளம்புவதும் உண்டு. அதற்காகப் புகைப்பது தீர்வு கிடையாது. கிரோன் நோயை அது தெளிவாகவே மோசமாக்கும், அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். ஈறில் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, ரத்தக் கசிவை மறைத்துக்கொண்டே எலும்பைக் கரைக்கும். விடும்போது குடல் டாக்டரிடம் சொல்லிவிட்டு விடுங்கள், மருந்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்.

என் பையனுக்கு உதடு வீங்கியே இருக்கிறது, ஈறும் சிவந்திருக்கிறது. வயிற்றில் ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் கூடாது. கிரோன் நோயின் வாய் அடையாளங்கள் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகம். அலர்ஜி என்று நினைத்து மாதக்கணக்கில் அலர்ஜி மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அலர்ஜி வீக்கம் மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ வற்றும். வாரக்கணக்கில் நிற்கும் வீக்கம் வேறு.

வயிற்று வலி, பேதி இல்லாவிட்டாலும் குழந்தை உயரமாவது நின்றுபோயிருக்கலாம், சாப்பாடு குறைந்திருக்கலாம். தடுப்பூசி அட்டையிலோ பள்ளி ஹெல்த் கார்டிலோ கடந்த ஆண்டுகளின் உயரமும் எடையும் இருந்தால் எடுத்துப் போங்கள். வீங்கியிருக்கும் நாட்களில் உதட்டையும் ஈறையும் போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வற்றியிருக்கலாம். முதலில் குழந்தை மருத்துவர், அவர் வழியாகக் குழந்தைகளுக்கான குடல் மருத்துவர், கூடவே ஒரு பல் மருத்துவர். அவ்வளவு நாளும் பிரஷ் செய்வதை நிறுத்த வேண்டாம். வலித்தால் பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து மென்மையாக்கி, நீங்களே மெதுவாகத் துலக்கிவிடுங்கள்.